உடைத்தால் மதிப்பு போய்விடும்

பணி அனுபவம் எழுதுகிறவர்கள் வழக்கமாக வேலையை விட்டுப் பத்து வருடம் கழித்து, மூட்டுவலித் தைலம் தேய்த்துக்கொண்டே எழுதுவார்கள். எனக்கு முப்பத்தொரு வயது. ஆனாலும் பனியன் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி என்ற பதவியிலிருந்து போன வாரம் ஓய்வு பெற்றுவிட்டேன். இனி அதே கம்பெனிகளை வெளியிலிருந்து சோதிக்கப் போகிறவள். என் இடத்துக்கு உங்கள் மூன்று பேரை எடுத்திருக்கிறார்கள். ஒருத்தி செய்த வேலைக்கு மூன்று பேர் என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். கவனிக்காவிட்டால் இப்போது கவனித்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் பொங்கலூர்ப் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். அப்படி வந்தவள் அடக்கமாகப் பேச வேண்டும் என்று சிலர் எதிர்பார்ப்பார்கள். அவர்கள் எதிர்பார்ப்பதாலேயே நான் அப்படிப் பேசுவதில்லை.

அலாரம் எப்படி வேலை செய்கிறது, எந்த வயர் எங்கே போகிறது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். கையேட்டில் இல்லாத ஒன்றை முதலில் சொல்கிறேன். சுவரில் சிவப்பாக ஒரு சின்னப் பெட்டி இருக்கும். முன்னால் கண்ணாடி. பக்கத்தில் சங்கிலியில் ஒரு குட்டிச் சுத்தியல். தீ என்றால் கண்ணாடியை உடைக்க வேண்டும், கட்டடம் முழுக்க மணி அடிக்கும். உலகத்திலேயே உடைப்பதற்காக மட்டும் செய்யப்பட்ட கண்ணாடி அதுதான். நம் ஊரில் அதை யாரும் உடைப்பதில்லை.

ஏன் என்று நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தெரிந்துகொண்டேன். தையல் பகுதியில் ஒரு மெஷின் மோட்டார் கருகிப் புகை வந்தது. ஒடிசாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த ஒரு பெண், பயிற்சியில் நாங்கள் சொல்லிக்கொடுத்தபடியே ஓடிப்போய்க் கண்ணாடியை உடைத்தாள். மணி அடித்தது, எல்லாரும் வெளியே போனார்கள், லைன் நின்றது. சூப்பர்வைசர் வந்து கேட்ட முதல் கேள்வி, "எவ உடைச்சது?" தீ எங்கே என்பது அவருக்கு இரண்டாவது கேள்வி. அந்தப் பெண்ணை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துப் பேசினார். அவளுக்குத் தமிழ் சரியாகத் தெரியாது, திட்டு மட்டும் நன்றாகப் புரிந்தது. அடுத்த வாரம் அவள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். மீதி இருந்தவர்கள் பாடம் படித்துக்கொண்டார்கள். நான் நடத்திய பாடம் அல்ல, அவர் நடத்தியது.

ஒரு கம்பெனியின் தீ பாதுகாப்பை அளக்க எனக்குத் தெரிந்த ஒரே கருவி இதுதான்: மணி அடித்ததும் முதலில் என்ன கேட்கிறார்கள்? எனக்கு வேலை கற்றுக்கொடுத்த ஒரு சீனியர் இருந்தார். சோதனைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் அவசர வழிக் கதவின் பூட்டைத் திறந்து வைக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவர் அவர். அவரிடமிருந்து நான் கற்றது நிறைய. எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன், நன்றாக வந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அவிநாசிபாளையத்துக்கு முன்னால் தாராபுரம் ரோட்டில் நான் கடைசியாக வேலை பார்த்த கம்பெனிக்கு இரண்டு முதலாளிகள். அப்பாவைப் பெரியவர் என்போம். மகன் சின்னவர். சின்னவர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். அங்கிருந்து ஒரு பட்டமும் ஒரு வியாதியும் கொண்டுவந்தார். வியாதி என்னவென்றால், பழைய தீ அலாரக் கருவிகளைச் சேர்ப்பது. மூடிப்போன மில்களின் பித்தளை மணிகள், கையால் சுற்றுகிற சைரன், துருப்பிடித்த சிவப்புப் பெட்டிகள் எல்லாம் அவருடைய அறைச் சுவரில் வரிசையாகத் தொங்கும். ஒன்றும் அடிக்காது. அடிக்கக்கூடிய எதுவும் அவருக்கு ஆர்வமூட்டவில்லை.

இதற்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது என்றால் நம்புவீர்களா? இருக்கிறது. பல ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். அதில் அவர்கள் தங்களிடம் இருக்கும் கருவிகளைப் பற்றிப் பேசுவது குறைவு. இன்னும் யாரும் பார்க்காத கருவிகளைப் பற்றித்தான் பேச்சு. சின்னவர் டீ நேரத்தில் அவற்றை எனக்கு வாசித்துக் காட்டுவார். சோமனூர் விசைத்தறிச் சத்தத்தில் ஒற்றை மணி கேட்டிருக்காது, ஆகவே இரட்டை மணி வைத்த ரகம் ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று ஒருவர். இடது கைக்காரர்களுக்காகச் சுத்தியலை இடப்பக்கம் தொங்கவிட்ட ரகம் ஒன்று நிச்சயம் உண்டு என்று இன்னொருவர். இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு கொள்கை இருந்தது. சாயப்பட்டறைச் சுவரெல்லாம் சிவப்புச் சாயம் தெறித்திருக்கும், அதில் சிவப்புப் பெட்டி கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பெட்டி செய்த கம்பெனிக்காரன் சாயப்பட்டறைக்கென்றே கொஞ்சம் வெள்ளைப் பெட்டிகள் செய்திருப்பான்.

"யாராச்சும் பாத்திருக்காங்களாங்க?" என்று கேட்டேன்.

"யாருமே பாத்ததில்லீங்க மேடம். அதனாலதானே அது அபூர்வம்."

பிறக்காத பிள்ளைக்குக் காதுகுத்து மொய் எழுதுகிறவர்களிடம் என்ன பேசுவது? டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவர் அறையில் எதைத் தொங்கவிட்டாலும் எனக்குக் கவலையில்லை. என் சுவர்களில் கை வைக்காதவரை.

ஒரு வெள்ளிக்கிழமை கை வைத்தார்.

எங்கள் துணி குடோன் பழைய கட்டடம். முன்பு அது ஏதோ மில்லாக இருந்தது. கீழே துணி ரோல்கள், மேலே பேக்கிங். கீழே மட்டும் இரண்டு கோடியிலும் ஒவ்வொரு அலாரப் பெட்டி. வாசல் பக்கம் இருந்தது பழைய மில் காலத்துப் பெட்டி, ஆனால் எங்கள் மணியோடு இணைத்து நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. அதில் சிவப்புப் பெயிண்ட் ஒரு மூலையில் உரிந்திருந்தது. சின்னவர் பிளேடால் மெல்லச் சுரண்டினார். உள்ளே வெள்ளை.

அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். முதல் பிள்ளையைக் கையில் வாங்கியவர் மாதிரி நின்றார். அரை மணி நேரத்தில் குழு கொந்தளித்தது. ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்த்து உறுதிசெய்ய கோயம்புத்தூரிலிருந்து இரண்டு நிபுணர்கள் வருவதாகச் செய்தி. சாயங்காலம் நான் குடோனுக்குப் போனபோது பெட்டியின் மேல் கெட்டியான பிளாஸ்டிக் பலகை வைத்து நான்கு மூலையிலும் ஸ்க்ரூ முடுக்கியிருந்தது. கீழே ஒரு அட்டை: தொடாதீர்.

"என்னங்க இது? தீப் பிடிச்சா எப்படிங்க உடைக்கறது?"

"உடைச்சா மதிப்பு போயிடுமுங்க மேடம். ஒரிஜினல் கண்ணாடி. இத்தன வருசமா ஒருத்தருமே உடைக்கல பாருங்க."

"கழட்டி உங்க ரூமுக்குக் கொண்டு போயிருங்க. நான் இங்க புதுசு ஒண்ணு மாட்டிக்கறேன்."

"கழட்டக் கூடாதுங்க. மாட்டுன செவுத்துல இருந்தாத்தான் சாட்சி. கழட்டிட்டா எங்கிருந்தோ வாங்கிட்டு வந்ததுன்னு சொல்லிருவாங்க."

"அப்பப் பக்கத்துல ஒண்ணு மாட்டறேன்."

"ட்ரில் போட்டா அதிருமுங்க. பழைய காரை." கொஞ்சம் யோசித்து, "போட்டோவுலயும் நல்லா இருக்காதுங்க" என்றார்.

"சரிங்க. அப்ப ஞாயித்துக்கிழம வரைக்கும் மேல பேக்கிங்க நிறுத்திருங்க."

அவர் சிரித்தார். ஏற்றுமதிச் சரக்கு அந்த வாரம் போயாக வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு. மேலே பெண்கள் வேலை செய்வார்கள், கீழே அவர்களுக்கான மணி கண்காட்சியில் இருக்கும். இதுதான் ஏற்பாடு. பெரியவரிடம் போனேன். "பையன் ஆசப்படறான். ரெண்டு நாள்தானே கண்ணு" என்றார். நெருப்புக்கு நாள் குறித்துக்கொடுக்கிற வழக்கம் இல்லை என்று சொன்னேன். அவர் போனை எடுத்து யாருடனோ நூல் விலை பேசத் தொடங்கினார்.

மாடிக்குப் போனேன். பேக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவர் செல்வியக்கா. ஃபேன் சத்தமும் ஸ்பீக்கரில் பாட்டும் சேர்ந்து அங்கே பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. ஜன்னல்களைத் துணியில் தூசி விழும் என்று மூடியே வைத்திருப்பார்கள்.

"அக்கா, கீழ புகை கிகை தெரிஞ்சா அந்தப் பிளாஸ்டிக்கப் பேத்துட்டுக் கண்ணாடிய உடைங்க. ஓனர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"நீ பேசுவ கண்ணு. பேசிட்டு உன்ற சர்டிபிகேட்ட எடுத்துட்டு வேற கம்பெனிக்குப் போயிருவ. நான் எங்க போறது?" டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தபடி சொன்னார். "சாதாக் கண்ணாடியையே இங்க ஒருத்தரும் உடைக்க மாட்டாங்க. இது ஓனர் கும்புடற கண்ணாடி."

அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. கீழே இறங்கி வந்தேன்.

இங்கே கவனியுங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கும், முதலாளி உங்கள் பக்கம் இருக்க மாட்டார். புகார் சொல்லலாம், சொல்லப் பார்த்தேன், மேலிடங்களில் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு போன் எடுப்பதில்லை. ராஜினாமா செய்யலாம், செய்தால் மேலே இருக்கிற பெண்களுக்கு ஒரு பயனும் இல்லை. நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து அந்தப் பெட்டிக்குக் கீழே போட்டு உட்கார்ந்தேன். பையில் ஒரு ஸ்க்ரூட்ரைவர். மேலே ஆள் இருக்கும்வரை நான் கீழே. பேக்கிங் பெண்கள் போகும்போதும் வரும்போதும் பார்த்துச் சிரித்தார்கள். "என்னங்க மேடம், சாமிக்குக் காவலா?" என்று ஒருத்தி கேட்டாள். படித்த பெண் கடைசியில் வாட்ச்மேன் வேலைக்கு வந்துவிட்டாள் என்று லோடு ஏற்றுகிறவர்கள் பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது. விழட்டும். வாதத்தில் தோற்றால் நாற்காலி போடுங்கள். இந்தத் தொழிலில் பாதி அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை நிபுணர்கள் வந்தார்கள். ஒருவர் கையில் சப்பாத்தித் தட்டு அளவுக்கு ஒரு லென்ஸ், கெட்டியான மரக் கைப்பிடியோடு. இன்னொருவர் வெள்ளைத் துணிக் கையுறை போட்டிருந்தார். காரிலிருந்து இறங்கும்போதே போட்டிருந்தார். பெயர் சொன்னார்கள், மறந்துவிட்டது. லென்ஸ்காரர், கையுறைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

பிளாஸ்டிக் பலகையைச் சின்னவரே கழற்றினார். சுத்தியலைச் சங்கிலியோடு கழற்றி ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாகப் பைக்குள் வைத்தார் கையுறைக்காரர். பெட்டியை இருவரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள்.

"கம்பெனிப் பெயிண்டேதானுங்க" என்றார் லென்ஸ்காரர்.

"அடியில பூசற பிரைமரா இருந்தா?" என்று கேட்டேன்.

"பிரைமர் இவ்வளவு தடிமனா இருக்காதுங்க. இது வேணுமின்னே அடிச்ச வெள்ளை."

"சாயப்பட்டறைக்குச் செஞ்சது மில்லுக்கு எப்படிங்க வந்துச்சு?" என்றேன்.

லென்ஸ்காரர் கண்ணை மூடி யோசித்தார். "அப்ப மில்லுக்குன்னு தனியா ஒரு வெள்ளை ரகம் இருந்திருக்கோணும்."

அரை நிமிடத்துக்கு முன்பு வரை ஒன்று இருந்ததா என்பதே சந்தேகம். இப்போது இரண்டு ஆகிவிட்டது. நான் இன்னும் கொஞ்சம் கேள்வி கேட்டிருந்தால் ஆறேழு ரகம் பிறந்திருக்கும்.

படம் எடுக்க வெளிச்சம் போதவில்லை என்று ஸ்டாண்டில் ஒரு பெரிய ஹாலோஜன் விளக்கை வைத்தார்கள். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் பெயிண்டின் அடுக்குத் தெரியுமாம். அந்தப் பக்கவாட்டில் இருந்தவை துணி ரோல்கள், பாலித்தீன் உறையும் மேலே பஞ்சுத் தூசியுமாக.

"விளக்கத் தள்ளி வைங்க. துணிகிட்ட இருக்குது."

தள்ளினார்கள். நிழல் விழுகிறது என்று திரும்பக் கொண்டுவந்தார்கள். மறுபடியும் சொன்னேன். "ரெண்டே போட்டோங்க மேடம்" என்றார் சின்னவர். நான் ஸ்விட்ச் எங்கே என்று தேடி நாற்காலியைவிட்டு எழுந்து வயர் பிடித்து நடந்துகொண்டிருந்தபோதே வாசம் வந்தது. பாலித்தீன் உருகும் வாசம் உங்களுக்கெல்லாம் தெரியும். அதற்குப் பின்னாலேயே பனியன் துணி கருகும் வாசம். விளக்கைப் பிடுங்கினேன். அதற்குள் ரோல்களின் மேல் கிடந்த பஞ்சுத் தூசி வழியாக நெருப்பு பொறிப்பொறியாக ஓடிவிட்டது, எறும்பு வரிசை போல. பின் வரிசையிலிருந்து புகை கருப்பாகக் கிளம்பியது.

உள் மாடிப்படி புகைக்கு அந்தப் பக்கம். இன்னொரு பெட்டியும் அந்தப் பக்கம். கூரை உயரத்தில் இருந்த புகை உணர் கருவிக்குப் புகை போய்ச் சேர்ந்து அது மணி அடிப்பதற்குள் மாடி நிறைந்துவிடும். மேலே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கத்தினால் கேட்காது. நான் பெட்டியை நோக்கி ஓடினேன்.

சின்னவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார். கெட்ட மனிதர் அல்ல, அவருக்கே தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்காது. "ஒரு நிமிசமுங்க மேடம், ஒரு நிமிசம்" என்றார்.

கையுறைக்காரர் அவருக்குப் பின்னால் ஸ்க்ரூவைத் திருக ஆரம்பித்திருந்தார். "ரெண்டே ஸ்க்ரூங்க. கழட்டி எடுத்துட்டு வெளிய போயிரலாம்."

தீப்பிடித்த கட்டடத்திலிருந்து முதலில் காப்பாற்ற வேண்டியது தீ அலாரத்தை என்று முடிவெடுத்த ஒரே மனிதரை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

சுத்தியல் அவர் பைக்குள். என் ஸ்க்ரூட்ரைவர் தள்ளிப் போட்டிருந்த நாற்காலிப் பக்கம் பைக்குள். லென்ஸ்காரர் என் பக்கத்தில் நின்றார், லென்ஸை நீட்டியபடி, சிலை மாதிரி. அதை அவர் கையிலிருந்து வாங்கினேன். வாங்கினேன் என்பது மரியாதைக்கு. சின்னவரின் கைக்கு அடியில் குனிந்து போய், மரக் கைப்பிடியால் கண்ணாடியின் நடுவில் ஒரே போடு.

மணி அடித்தது. இத்தனை வருடம் ஒருத்தருமே உடைக்காத பெட்டி, பெரிய சத்தமாகவே அடித்தது.

மேலே பாட்டு நின்றது. பிறகு வெளியே அவசர வழி இரும்புப் படியில் செருப்புச் சத்தம். செல்வியக்காவின் குரல், "தள்ளாத, தள்ளாத, அக்கட்டால போ, செவுத்தப் புடிச்சுட்டுப் போ." நான் இரண்டு வருடமாக அலுக்க அலுக்கப் பயிற்சி கொடுத்த வரிசையில் எல்லாரும் இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய செல்வியக்கா தலைகளை எண்ணி, என்னைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினார். எல்லாரும் இருக்கிறார்கள்.

லோடு ஏற்றுகிறவர்கள் குழாயை இழுத்து வந்து தண்ணீர் அடித்தார்கள். தீயணைப்பு வண்டி வரும்போது ஏறக்குறைய அடங்கியிருந்தது. ஒரு அடுக்குத் துணி போயிற்று. ஆளுக்கு ஒன்றுமில்லை. மேலே புகை புகுந்து ஜன்னலெல்லாம் கருத்திருந்தது.

இதற்குள் பெரியவர் வந்துவிட்டார். குடோன் வாசலில் நின்று, உடைந்த பெட்டியைப் பார்த்து, கேட்டார்.

"யாருங்க கண்ணாடிய உடைச்சது?"

கம்பெனியே அங்கே நின்றது. ஒடிசாப் பெண் நினைவுக்கு வந்தாள்.

"நானுங்க" என்றேன். "தீ எங்கன்னு மொதல்ல கேப்பீங்கன்னு நெனச்சேனுங்க."

அவர் என்னைப் பார்த்தார். வேலை போய்விட்டது என்று எனக்கு அந்த நொடியில் உறுதியாகத் தெரிந்தது. சர்டிபிகேட்டை எங்கே வைத்திருக்கிறேன் என்றுகூட யோசித்துவிட்டேன். பெரியவர் தலையைத் திருப்பி, சுவரோரம் புகைக்கரி அப்பிய முகத்தோடு உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்தார். வெளியே நின்ற பெண்களைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "எங்கீங்க?" என்றார்.

"அணஞ்சுருச்சுங்க."

"எல்லாரும் எறங்கிட்டாங்களா?"

"எறங்கிட்டாங்க."

அவர் திரும்பிப் போய்விட்டார். வேலை போகவில்லை. நன்றியும் வரவில்லை. இரண்டையும் எதிர்பார்க்காமல் இருக்கப் பழகுங்கள்.

அந்த அபூர்வ ரகத்தின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். குழாய்த் தண்ணீர் பட்டுப் பெட்டியின் சிவப்புப் பெயிண்ட் பெரிய பெரிய தோலாக உரிந்தது. உள்ளேயிருந்த வெள்ளை சுவரில் பாலாக வழிந்தது. சுண்ணாம்பு. எந்தப் பொங்கலுக்கோ சுவருக்கு வெள்ளையடித்தவன் பெட்டிக்கும் சேர்த்து அடித்துவிட்டுப் போயிருக்கிறான். பிறகு யாரோ அதன் மேல் சிவப்பைப் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புக்குக் கீழே, அந்தக் காலத்தில் கம்பெனிக்காரன் அடித்த சிவப்பு பளபளவென்று இருந்தது.

நிபுணர்கள் மனம் தளர்ந்திருப்பார்கள் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு நிபுணர்களைத் தெரியாது. சுண்ணாம்பு பூசிய ரகம் இதற்குமுன் பதிவானதில்லை என்று அன்றைக்கே குழுவில் போட்டுவிட்டார் லென்ஸ்காரர். வேறு மில்களில் இன்னும் சில இருந்திருக்க வேண்டுமாம். சின்னவர் அதை எனக்கு வாசித்துக் காட்டவில்லை. அந்தப் பெட்டியைக் கழற்றித் தன் அறைக்குக் கொண்டு போனார், புதியது மாட்டும்போது கூடவே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். லென்ஸை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கைப்பிடியில் விரிசல்.

கடைசியாக ஒன்று. நான் கிளம்புவதற்குச் சில நாள் முன்னால் மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரத்தில் மணி அடித்தது. எல்லாரும் இறங்கினோம். அயர்ன் டேபிளில் யாரோ இஸ்திரிப் பெட்டியைத் துணி மேல் மறந்து வைத்திருந்தார்கள், கொஞ்சம் புகை, அவ்வளவுதான். தீக்குப் பிறகு மாடியிலும் ஒரு பெட்டி மாட்ட வைத்திருந்தேன், அதன் கண்ணாடியை உடைத்தது செல்வியக்கா. இரும்புப் படியில் என் பக்கத்தில் நின்றார், சுத்தியலை இன்னும் கையில் பிடித்துக்கொண்டு. முகம் வெளுத்திருந்தது. சூப்பர்வைசர் வேகமாக வந்தார். வேறு ஆள், ஆனால் அதே நடை.

"எவ..." என்று ஆரம்பித்தார். என்னைப் பார்த்தார். செல்வியக்கா கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார்.

"எங்கீங்கக்கா தீ?"